சாயங்காலம் மட்டும் புகையும் அடுப்பு

அடுப்பு ஒன்றுதான். விறகும் அதே கருவேல விறகுதான். காலையில் மூட்டினால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராமல் எரிகிறது. சாயங்காலம் மூட்டினால் சமையலறை முழுக்கப் புகை மண்டிவிடுகிறது.

இது எப்படி?

கீழக்குயில்குடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் சரியாக விடியவில்லை. முனீஸ்வரி அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கதவு விரியத் திறந்திருந்தது. அண்டாவில் நிலக்கடலை தளதளவென்று வெந்துகொண்டிருந்தது.

குறை சொல்ல முடியாத அடுப்பு. முன்னால் விறகு வைக்கும் வாய். பின்னால் ஒரு துவாரம். அந்தத் துவாரத்திலிருந்து தகரக் குழாய் ஒன்று தளத்தைத் துளைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு மேலே போகிறது. குழாய்க்குள் யாரும் விசிறுவதில்லை. ஆனாலும் அது இழுக்கும். சூடான காற்று லேசானது, தானாக மேலே ஏறும். ஏறுகிற காற்று தனக்குப் பின்னால் இருக்கிற காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அறையிலிருக்கும் காற்று அடுப்பின் வாய் வழியாக ஓயாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால், புகை எப்படி வெளியே வரும்?

முனீஸ்வரி ஒரு வெங்காயச் சருகை எடுத்து அடுப்பின் வாய்க்கு அருகில் பிடித்து விட்டாள். சருகு விருட்டென்று உள்ளே பாய்ந்து கருகியது.

"காலைல எம்புட்டு சமத்தா இருக்க! சாயங்காலம் ஆனா உனக்கு என்ன வந்துருது?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

அடுப்பு பதில் சொல்லவில்லை. அவளுக்கோ இன்றைக்குள் பதில் வேண்டும். ஏனென்றால் இன்றைக்கு ஆர்த்திகா வருகிறாள்.

போன மழைக்காலத்தில் ஐந்து வயது மகளுக்கு மூச்சு இளைத்து, முனீஸ்வரியும் அவள் கணவன் அருள்பாண்டியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "வீட்டுல யாரு சிகரெட் குடிக்கிறது?" யாருமில்லை என்றதும், "அப்ப சமையல் எதுல?" என்று கேட்டார். விறகடுப்பு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். கண்ணைக் கரிக்கும் புகையை நாம் பார்க்கிறோம், விலகிக்கொள்கிறோம். அதோடு சேர்ந்து வரும் நுண்ணிய கரித்தூசி கண்ணுக்கே தெரியாது. அது மூச்சோடு போய் நுரையீரலின் கடைக்கோடியில் உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்கள் இருமிச் சமாளிப்பார்கள். சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய் ஒடுக்கமானது. கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும்.

அன்றைக்கே ஆர்த்திகாவை ஒத்தக்கடையிலிருக்கும் முனீஸ்வரியின் அக்கா ஜெயக்கொடி வீட்டில் விட்டார்கள். வீட்டில் புகை நின்றதும் கூட்டி வருவதாகப் பேச்சு.

விறகை விட்டுவிடவும் வழியில்லை. அருள்பாண்டியின் அண்ணன் காசிமாயன் சமணர் மலை அடிவாரத்தில் தள்ளுவண்டி போட்டு, அவித்த கடலையும் மக்காச்சோளமும் விற்கிறார். காலையில் மலை ஏறுகிறவர்களுக்கு ஓர் அண்டா, சாயங்காலம் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஓர் அண்டா. வீட்டில் கேஸ் அடுப்பும் உண்டு. காபிக்கும் குழம்புக்கும் அதுதான். கடலை அண்டாவை அதன்மேல் ஏற்றினால் அடுப்பு அப்படியே உட்கார்ந்துவிடும். வெளியில் கல் கூட்டி எரித்துப் பார்த்தார்கள். மலைக்காற்று புகையை வாரிக்கொண்டு வந்து வாசல் வழியாகக் கூடத்துக்குள் கொட்டியது.

அதனால் ஆளுக்கொன்று செய்தார்கள். காசிமாயன் டவுனுக்குப் போய், தகர வேலை செய்யும் சேக் மைதீன் பாயிடம் புகைக்குழாய் அடித்து வாங்கி வந்தார். பழங்காநத்தத்தில் எலெக்ட்ரிகல் கடையில் வேலை பார்க்கும் அருள்பாண்டி, அதே வாரம் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் பதித்தான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருக்கும் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினான், ஏ.சி. அறைக் கதவுக்கு ஒட்டுவது மாதிரி. ஒரு துளிப் புகை கூடக் கூடத்துக்குப் போகக் கூடாது என்று.

அப்படியும் சாயங்காலம் புகைந்தது. போன வாரம் சேக் மைதீன் பாயே நேரில் வந்து, நீளமான பிரஷ்ஷைக் குழாய்க்குள் விட்டு ஆட்டிப் பார்த்தார். "குழாய் பளிங்கா இருக்கு தங்கச்சி. காலைல இழுக்குற குழாய் சாயங்காலம் இழுக்கலைன்னா நான் என்னத்தைச் சொல்ல? எனக்கே வெக்கமா இருக்கு" என்று டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வண்டியை உருட்டிக்கொண்டு காசிமாயன் பின்வாசலுக்கு வந்தார். கல்யாணம் வேண்டாமென்று பக்கத்து அறையில் தனியாக இருப்பவர். கோபம் வந்தால் துண்டை உதறுவார். மற்றபடி பஞ்சு மாதிரி மனுஷர்.

"என்னத்தா, இன்னைக்கு எப்படி?"

"காலைல என்னைக்கு மாமா குறை வச்சது? நீங்களே பாருங்க."

காசிமாயன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "குழாய்னா இதுல்ல குழாய்! ஏலே அருளு, வந்து பார்றா."

வாயில் பிரஷ்ஷோடு அருள்பாண்டி வந்தான். "காலைல எல்லாரும்தான் நல்லவய்ங்க. சாயங்காலம் வந்து பேசுண்ணே."

"சாயங்காலம் உன் ஃபேன் என்னடா செய்யுது? ஹெலிகாப்டர் கணக்கா சத்தம் மட்டும் போடுது. ஒரு கை புகையை இழுக்க வக்கில்ல."

"ஃபேன் மட்டும் இல்லைன்னா இந்நேரம் மூணு பேரும் கருவாடு. குழாய் வளைவா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டியா?"

"வளைவா? நீ வளைவு! உன் ஒடம்பே வளைவு!" துண்டு உதறப்பட்டது.

"ரெண்டு பேரும் அண்டாவைத் தூக்குங்க" என்றாள் முனீஸ்வரி. "வாதாடுறதை அப்புறம் வச்சுக்கங்க. அக்கா மத்தியானம் வந்துரும்."

அக்கா என்றதும் இருவரும் வாதத்தை விட்டுவிட்டு அண்டாவுக்கு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

மத்தியானம் ஆர்த்திகா வந்தாள். வாசலில் செருப்பை உதறிவிட்டு நேராக வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முனீஸ்வரி குனிந்து மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே விசில் சத்தம் இல்லை. மூச்சு ஓடைத் தண்ணீர் மாதிரி போய் வந்துகொண்டிருந்தது.

"என்ன பாக்குற? நல்லாத்தான் இருக்கா" என்றாள் ஜெயக்கொடி. "மழைக்குப் பெறகு ஒரு தடவை கூட இழுக்கல."

ஜெயக்கொடி செய்ததெல்லாம் சின்ன வேலை இல்லை. பிள்ளைக்கு இன்ஹேலர் மருந்துப் பம்பை எப்படிக் கொடுப்பதென்று நர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றுக்கொண்டவள். குலுக்கி, குப்பியில் பொருத்தி, ஒரு முறை அமுக்கி, பிள்ளையை நிதானமாக மூச்சு விடச் சொல்லி, பிறகு வாய் கொப்பளிக்க வைப்பாள். ஒரு நாளும் தவறியதில்லை. முனீஸ்வரிக்கு அக்காவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். கூடவே ஒரு பயமும் வரும்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

சாப்பாடு முடிந்து ஆண்கள் வெளியே போனதும் ஜெயக்கொடி மெல்ல ஆரம்பித்தாள். "பள்ளிக்கூடம் தெறக்கப் போகுது, முனீசு. எங்க தெருவுக்குப் பின்னாடியே நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. ஹெச்.எம். கிட்டப் பேசிட்டேன், வியாழக்கிழமை வந்து சேத்துக்கச் சொன்னாக."

"எதுக்குக்கா? இங்கதான் பேரு குடுத்திருக்கோமே."

"குடுத்தா என்ன? மூச்சு முக்கியமா, பேரு முக்கியமா? இன்னைக்கு சாயங்காலம் நீ அடுப்பு மூட்டு. நான் இங்கனயே இருந்து பாக்குறேன். புகை வரலைன்னா பிள்ளை உன்னோட. வந்துச்சுன்னா..." அவள் நிறுத்தினாள். "நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். ஆனா கூட்டிட்டுத்தான் போவேன்."

ஆர்த்திகாவின் துண்டை எடுக்கப் பையைத் திறந்தபோதுதான் முனீஸ்வரி அதைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத புது யூனிஃபார்ம். கீழக்குயில்குடிப் பள்ளிக்கூடத்து நிறம் இல்லை. சட்டைக்கு உள்பக்கம் ஆர்த்திகா என்று நூலால் பின்னியிருந்தது. அக்காவின் கை அது, அவளுக்குத் தெரியும்.

பையை மூடி வைத்தாள். அருள்பாண்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் வீடு இரண்டாகிவிடும்.

வெயில் சாயத் தொடங்கியதும் இரண்டாவது அண்டா ஏறியது. ஜெயக்கொடியும் ஆர்த்திகாவும் கூடத்தில். ரப்பர் பட்டை ஒட்டிய கதவு சாத்தியாயிற்று. மலையில் கூட்டம் சேரும் நேரம் குரங்குகளும் கீழே இறங்கிவிடும். கடலை வாசனைக்கு நேரே சமையலறைக்குத்தான் வரும். அதனால் பின்கதவையும் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலுக்கு ஏற்கெனவே காசிமாயன் பலகை அடித்து வைத்திருந்தார், அதுவும் குரங்குக்காகத்தான்.

ஃபேனைப் போட்டாள். அடுப்பை மூட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுப்பின் வாயிலிருந்து ஒரு சுருள் வெளியே வந்து, அறையை நோட்டம் விடுவது போல நின்றது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மொத்தமாக வந்தது. ஃபேன் கடகடவென்று முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் அது இழுத்ததைவிட அடுப்பு கக்கியது அதிகம்.

அண்ணன் தம்பி இருவரும் மொட்டைமாடியில் குழாயின் உச்சியைப் பார்த்தபடி நின்றார்கள்.

"முனீசு! மேல ஒரு பொட்டுப் புகை வரலம்மா!" என்று காசிமாயன் மேலிருந்து கத்தினார்.

"நான் சொன்னேன்ல, உன் குழாய் அடைச்சிருக்குன்னு!" இது அருள்பாண்டி.

"பாய் பிரஷ் விட்டுப் பாத்தார்றா! நீயும்தான பக்கத்துல நின்ன?"

முனீஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஃபேன் வெளியே தள்ளிய புகை வாசல் பக்கமாகச் சுற்றி வந்ததோ என்னவோ, கூடத்தில் ஆர்த்திகா ஒருமுறை இருமினாள். பிறகு இன்னொரு முறை. அந்த இருமல் முனீஸ்வரியின் நெஞ்சில் வந்து விழுந்தது.

"முனீசு, கதவைத் தெற. போதும், அமத்திரு" என்றாள் ஜெயக்கொடி அந்தப் பக்கமிருந்து. கதவு அசைந்தது, திறக்கவில்லை. "உள்ள இருந்து ஏண்டி பிடிச்சு இழுக்குற?"

"நான் எங்கக்கா பிடிச்சேன்? நான் அடுப்புகிட்ட நிக்கிறேன்!"

"அப்ப யாருடி இழுக்குறது?"

அந்த நொடியில் கரண்ட் போனது.

ஃபேன் முனகிக்கொண்டே நின்றது. கூடத்துப் பக்கம் கதவு படாரென்று திறந்துகொண்டது, ஜெயக்கொடி பின்னால் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தி!"

முனீஸ்வரி அக்காவைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்துகொண்டிருந்த புகைச்சுருள் பாதியில் நின்றது. தயங்கியது. பிறகு வந்த வழியே திரும்பி, வளைந்து, அடுப்பின் வாய்க்குள் போய்விட்டது.

மேலிருந்து சத்தம் கேட்டது. "வருது! வருது! இப்ப வருது பாரு! குழாய் எஞ்சின் கணக்கா விடுது!"

"அக்கா, கதவைச் சாத்திரு. பிள்ளை இருக்கு" என்றாள் முனீஸ்வரி. ஜெயக்கொடி கதவைச் சாத்தினாள். இப்போதும் புகை உள்ளேயே போனது.

அவள் அசையாமல் நின்றாள். கரண்ட் வந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சுருள் மறுபடியும் வெளியே எட்டிப் பார்த்தது.

அவள் கை தானாக சுவிட்சுக்குப் போனது. ஃபேனை அணைத்தாள். புகை உள்ளே போனது.

போட்டாள். வெளியே வந்தது.

அணைத்தாள். உள்ளே.

"ஏய், என்ன வெளையாடுற? ஃபேனைப் போடு!" மாடிப்படியில் இறங்கி வந்த அருள்பாண்டி பின்கதவைத் தட்டினான். "புகை அம்புட்டும் உள்ள நிக்கப் போகுது!"

"சும்மா இருங்க ஒரு நிமிஷம்."

முனீஸ்வரிக்கு அடுக்களையில் எதையும் அவசரப்பட்டு முடிவு கட்டும் பழக்கம் கிடையாது. கடலை வெந்ததா என்று ஒன்றைக் கடித்துப் பார்த்துச் சொல்லமாட்டாள், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று கடித்தால்தான் ஒப்புக்கொள்வாள். இப்போதும் அப்படித்தான். ஃபேனைப் போட்டு, வெங்காயச் சருகை அடுப்பின் வாய்க்குப் பக்கத்தில் விட்டாள். சருகு அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. பின்கதவைத் திறந்தாள். ஃபேன் ஓடியபடியே இருக்க, இன்னொரு சருகை விட்டாள். விருட்டென்று உள்ளே போனது!

காலையில் ஃபேன் ஓடினாலும் புகையாததற்குக் காரணம் புரிந்துவிட்டது. விடியற்காலையில் குரங்கு வராது. அதனால் அவள் பின்கதவைத் திறந்துபோட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

கடைசியாக, பின்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, முக்காலியில் ஏறி ஃபேன் துவாரத்தின் முன்னால் சருகைப் பிடித்தாள். வெளியிலிருந்து வந்த காற்று அதைத் தட்டி அறைக்குள் விழவைத்தது. ஓ, அப்படியா! ஃபேன் நின்றவுடன் அதன் ஓட்டையே காற்று உள்ளே வரும் வழியாகிவிடுகிறது. அந்தக் காற்று அடுப்புக்குள் போகிறது, குழாயில் ஏறுகிறது. யாரும் ஓட்டாமலே எல்லாம் ஓடுகிறது. முக்காலியில் நின்றபடியே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி, தனியா நின்னு சிரிக்கிற?" பின்கதவு வழியாக அருள்பாண்டியும் காசிமாயனும் உள்ளே வந்திருந்தார்கள். கூடத்துக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஜெயக்கொடியும் எட்டிப் பார்த்தாள். அவள் முந்தானைக்குப் பின்னால் ஆர்த்திகா, மாம்பழ ஜூஸ் டப்பாவை உறிஞ்சிக்கொண்டு.

"உங்க ஃபேன்தாங்க" என்றாள் முனீஸ்வரி.

அருள்பாண்டி முகம் சுருங்கியது. காசிமாயன் முகம் மலர்ந்தது. "சொன்னேன்ல! ஹெலிகாப்டர்!"

"இருங்க மாமா, உங்களுக்கும் இருக்கு. பாப்பா, அந்த டப்பாவை நல்லா உறிஞ்சு. இன்னும் உறிஞ்சு. எல்லாரும் பாருங்க."

ஆர்த்திகா கன்னம் ஒட்ட உறிஞ்சினாள். டப்பாவின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கின.

"இப்ப வாயை எடு."

களக் என்ற சத்தத்தோடு ஸ்ட்ரா வழியாகக் காற்று உள்ளே போக, டப்பா மறுபடி உப்பியது.

"காத்து எந்த வழியா உள்ள போச்சு?"

"ஸ்ட்ரா வழியா" என்றாள் ஆர்த்திகா.

"வேற வழியா ஏன் போகல?"

"வேற ஓட்டையே இல்லையே!"

முனீஸ்வரி கணவன் பக்கம் திரும்பினாள். "அம்புட்டுத்தாங்க விஷயம். நம்ம அடுப்படிதான் டப்பா. ஃபேன் காத்தை வெளிய தள்ளுது. தள்ளுன எடத்துக்கு வேற காத்து வந்தாகணும்ல? கதவு இடுக்கெல்லாம் நீங்க ரப்பர் ஒட்டிட்டீக. ஜன்னலுக்கு மாமா பலகை அடிச்சுட்டாக. பின்கதவை நான் தாழ்ப்பாள் போட்டேன். காத்து எங்கிட்டு வரும்? மிச்சம் இருந்த ஒரே ஓட்டை குழாய்தான். குழாய் வழியா மேல இருந்து காத்து கீழ எறங்குது. எறங்குறப்ப புகையை அடுப்பு வாய் வழியா நம்ம மேல தள்ளுது."

"நாம முன்ன இருந்த ஓட்டு வீட்டுல இப்படி வரலையேம்மா?" என்றார் காசிமாயன்.

"ஓட்டுக்கு இடையில எம்புட்டு சந்து இருந்துச்சு மாமா! காத்து நெனச்ச எடத்துல வரும். இப்ப தளம் போட்ட வீடு. நாமளும் பாத்துப் பாத்து அடைச்சுட்டோம்."

"அப்ப கதவை உள்ள இருந்து இழுத்தது?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"ஃபேன்தான்க்கா. ரூமுக்குள்ள காத்து கொறஞ்சு, கதவை அதும்பக்கம் பிடிச்சு வச்சிருந்துச்சு."

"நான் பேயின்னுல்ல நெனச்சேன்!"

அருள்பாண்டி ஃபேனை அண்ணாந்து பார்த்தான். புகை வர வர அவன் அதன் வேகத்தைக் கூட்டியிருந்தான். வேகம் கூடக் கூடப் புகையும் கூடியிருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அதைக் கூட்டிவிட்டு, இன்னும் எங்கே இடுக்கு இருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடியவன் அவன்தான்.

முனீஸ்வரிக்கு அவனைப் பார்க்கப் பார்க்க மனசு இளகியது. அவன் ஒட்டிய ஒவ்வொரு விரற்கடை ரப்பரும் மகளின் மூச்சுக்காக ஒட்டியது. பட்டை எங்கும் ஒரு கோணல் கிடையாது. வேலையில் குறையே இல்லை. அவ்வளவு நன்றாகச் செய்ததுதான் வினையாகிவிட்டது.

"இம்புட்டு நல்லா ஒட்டியிருக்கக் கூடாதுங்க" என்றாள் மெதுவாக.

அருள்பாண்டி சிரித்துவிட்டான். "கடையில என்கிட்ட ஏ.சி. ரூமுக்கு ஒட்டித் தரச் சொல்லிக் கேப்பாய்ங்க. ஒரு வாரம் கழிச்சு லீக்குன்னு வருவாய்ங்க. லீக் ஆகாம ஒட்டுனது என் சொந்த வீட்டுல மட்டும்தான்!"

காசிமாயன் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போய், தான் அடித்த பலகையைத் தட்டிப் பார்த்தார். "இதையும் பிடுங்கணுமோ?"

"வேணாம் மாமா, அது உசரத்துல இருக்கு. காத்து தரையை ஒட்டி, அடுப்புக்கு நேரா வந்தாத்தான் நல்லது. பின்கதவுல கீழ் அரைப் பலகையை மட்டும் எடுத்துட்டு, கம்பி வலை அடிச்சிருவோம். குரங்கு வராது, காத்து வரும்."

அவர் மறுசொல்லுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியில் கிடந்த சுத்தியலை எடுத்து வந்து கதவின் கீழ்ப் பலகையைக் கழற்றினார். கோழிக்கூட்டுக்கு வாங்கி மிச்சமிருந்த வலையை அருள்பாண்டி இழுத்துப் பிடிக்க, அண்ணன் ஆணி அடித்தார். காலையில் முட்டிக்கொண்ட இருவரும் இப்போது ஒரே ஆணிக்கு, "இங்கிட்டு அடிண்ணே", "கையை எடுடா மாப்ள, நசுங்கிரும்" என்று ஒட்டி நின்றார்கள். தம்பியை மாப்ள என்று கூப்பிடும் அளவுக்கு அண்ணன் குஷியாகிவிட்டார்.

அதற்குள் ஒரு குரங்கு வந்து வலையைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, ஏமாந்து போய் மதிலேறிக்கொண்டது. ஆர்த்திகா கைகொட்டினாள்.

ஃபேன் அணைந்திருந்தது. பின்கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. இரண்டாவது அண்டாவின் அடியில் நெருப்பு நின்று எரிந்தது. வலை வழியாக வந்த காற்று முனீஸ்வரியின் கால்களைத் தொட்டுக்கொண்டு அடுப்பை நோக்கிப் போனது. குழாய் மெல்ல உறுமியது.

ஜெயக்கொடி சமையலறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணைக் கசக்கிப் பார்த்தாள், கரிக்கவில்லை. வெள்ளைக் கைக்குட்டையை அடுப்பின் வாய்க்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். "பத்தாவதோட உன்னை நிறுத்துனாகளேடி" என்றாள்.

கடலை வெந்து, அண்டா வண்டியேறும் வரை ஆர்த்திகா கதவோரத்தில் உட்கார்ந்து தொணதொணத்துக்கொண்டே இருந்தாள். இருமல் இல்லை. முனீஸ்வரி மறுபடியும் அவள் முதுகில் காதை வைத்தாள். ஓடைத் தண்ணீர்.

"அக்கா, இன்னைக்குப் பிள்ளை இங்க இருக்கட்டுமா?"

ஜெயக்கொடி கூடத்து மூலையிலிருந்த பையைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு சாயங்காலம் எரிஞ்சதை வச்சு எப்படிம்மா சொல்ல? நானும் இங்கயே இருக்கேன். வியாழக்கிழமை வரைக்கும் பாப்போம்."

"வியாழக்கிழமை என்ன மதினி?" என்று கேட்டான் அருள்பாண்டி.

"ஒண்ணுமில்ல மாப்ள. சும்மா சொன்னேன்."

"பெரியம்மா, அப்ப நான் எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டாள் ஆர்த்திகா. அருள்பாண்டி மட்டும் ஒன்றும் விளங்காமல் மனைவியைப் பார்த்தான். முனீஸ்வரி அவன் பார்வையைத் தவிர்த்துவிட்டுக் காசிமாயனிடம் திரும்பினாள்.

"மாமா, நாளைக்கு விடியக்காலம் நான் பிள்ளையோட இருப்பேன். அடுப்பை நீங்கதான் மூட்டணும்."

"மூட்டுறேன்த்தா. எப்படின்னு சொல்லு. இந்த ஃபேனு விவகாரம் எனக்கு இன்னும் பிடிபடல."

முனீஸ்வரி அவருக்குப் புரியும்படி சொன்னாள்.

"அடுப்பு எரியுற நேரம் ஃபேனைப் போடக் கூடாது மாமா. பின்கதவுல இருக்கிற வலையை எதை வச்சும் அடைக்கக் கூடாது, சாக்கு கூடத் தொங்கவிடக் கூடாது. கீழ வலை வழியா காத்து வரும். அது அடுப்புக்குள்ள போகும். புகையைக் கூட்டிக்கிட்டுக் குழாய் வழியா மேல போயிரும். நெருப்பு முழுசா அணஞ்சு, குழாய் ஆறுன பெறகு வேணும்னா ஃபேனைப் போட்டுக்கங்க. காலைலயும் இதேதான். சாயங்காலமும் இதேதான்."